தலைவர் கம்பெனி மாறிய கதை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயசுதா, வல்லத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் விவசாயியின் மகள். மல்லாட்டை வாங்க வருகிறவன்கூட ஓட்டை உடைத்துப் பருப்பைப் பார்ப்பான். அவளிடம் லேப்டாப் வாங்க வருகிறவர்களோ விளம்பரத்தில் எந்த நடிகர் சிரிக்கிறார் என்று மட்டும்தான் பார்க்கிறார்கள்.

ரஞ்சித்தும் அப்படித்தான். அவனுடைய நடிகர் விளம்பரம் செய்கிறார் என்று ஜோரா கம்பெனி லேப்டாப் வாங்கினான். போட்டிக் கம்பெனியான மின்வாவின் பேனரில் வேறு நடிகர் நிற்கிறார் என்று, அதைக் கடை வாசலிலேயே கிழித்தும் போட்டான். இஞ்சினியரிங் படித்த லட்சணம் இது.

போன மாதம் அவனுடைய நடிகர் மின்வாவுக்குத் தாவினார். மறுநாளே ரஞ்சித் லேப்டாப்போடு வந்து நின்றான்.

“அக்கா, இத எடுத்துக்கினு மின்வா குடு.”

“ஏன், இதுல இன்னா கோளாறு?”

“ஒண்ணும் இல்லக்கா. தலைவரே அங்க போயிட்டாரு. நான் மட்டும் இத வச்சிக்கினு எப்பிடி வெளிய தல காட்டுறது?”

வாசலில் அந்த நடிகரின் பழைய கட்அவுட் நின்றது. அதிலிருந்த ஜோரா பெயரை மறைக்க மின்வாகாரர்கள் தங்கள் பெயர் அச்சடித்த ஸ்டிக்கர்களை அனுப்பியிருந்தார்கள். புதிதாக ஒரு கட்அவுட் அடிக்கக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை. மிஞ்சிய ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, ஜெயசுதா அவன் லேப்டாப் மூடியில் அழுத்தி ஒட்டினாள்.

“இந்தா, நீயும் மாறிட்ட.”

வெட்கப்பட்டு ஓடிவிடுவான் என்று நினைத்தாள். அவனோ கட்அவுட்டுக்குப் பக்கத்தில் நின்று, லேப்டாப்பை மார்போடு அணைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“ஸ்டிக்கர் இன்னும் இருக்குதாக்கா? நம்ம மன்றத்துப் பசங்க எல்லாரும் வருவாங்க.”