நானாவின் லொறிக்கு நான் அடித்த தகரம்

பழைய லொறிக்கு உதிரிப்பாகம் கடையில் கிடைத்தால் என்னைப் போன்ற ஆளைத் தேடி யாரும் வரமாட்டார்கள். கிடைக்காது என்பதை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. வீட்டில் வைத்து இரும்பு வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? அளக்காமல் வெட்டினாலும் குட்டை, அளந்து வெட்டினாலும் குட்டை. தெமோதரைப் பக்கம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஸ்டோரை மூடியதும் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, ஒரு வெல்டிங் மெஷின் வாங்கினேன். அன்றே ஊரார் என்னை 'பாஸ்' ஆக்கிவிட்டார்கள்; கைவேலை மேஸ்திரிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. வேலை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வந்து சேர்ந்த லொறி

பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரபீக் நானா, கடைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த லொறியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் அவருடைய வாப்பா பசறைப் பக்கம் தோட்டம் தோட்டமாக அரிசியும் மாவும் ஏற்றிப்போன லொறி. வாப்பாவுக்கு இப்போது ஞாபகம் தப்பிக்கொண்டே வந்தது. பெற்ற மகன் பெயரே மறந்துவிட்டது. ஆனால் விடிந்தால் லொறி எங்கே என்று மட்டும் கேட்பாராம்.

"அதையும் மறக்க முந்தி அவரு இதுல ஒருக்கா ஏறோணும், பாஸ்" என்றார் நானா.

சாவு யார் வீட்டில்?

முதலில் டயருக்கு மேல் வரும் மட்காட். மணல் மூட்டையில் தகரத்தை வைத்து, வளைவு வரும் வரை சுத்தியலால் அடித்தேன். தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு மேளம் அடிப்பது வழக்கம். என் தாளம் எப்படியோ அதற்குப் பொருந்திவிட்டது. பக்கத்து லயத்து ராமாயி அக்கா தலையில் முக்காட்டோடு வந்து நின்றார். பின்னாலேயே நாலைந்து பேர். ஒருவர் கையில் மாலைகூட இருந்தது.

சாவு ஒன்றும் இல்லை, மட்காட்தான் அடிக்கிறேன் என்று விளக்கினேன். அக்கா குனிந்து என் தகரத்தை நிதானமாகப் பார்த்தார். "சாவு இல்லங்கிறீங்க, இது செத்துத்தானே கெடக்கு?"

இரண்டும் இடது

எப்படியோ ஒரு மட்காட் தேறியது. அந்தச் சந்தோஷத்தில் அதற்கு அளவெடுத்த அதே காட்போட் மட்டையை வைத்து அடுத்ததையும் வெட்டினேன். வலது பக்கத்துக்கு மட்டையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது, பெயின்ட் காய்ந்த பிறகு. வலது பக்கம் வைத்தால் மட்காட் டயரை மூடாமல் வானத்தைப் பார்த்தது. வெல்டிங்குக்கு உதவியாக வரும் முருகேசு நெடுநேரம் தலையைச் சொறிந்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று எனக்குத் தெரியாதா?

"பரவால்ல பாஸ், லொறி ரிவேர்ஸ்ல போறப்ப சரியா இருக்கும்."

டாங்கி

எண்ணெய் டாங்கியை நானே மடித்து ஒட்டினேன். ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றி, வீட்டுக்கு முன்னால் காய்கறிப் பாத்தி ஓரத்துக் கல் மேல் தூக்கி வைத்தேன். ஒட்டிய இடமெல்லாம் ஊற்று. ஆத்திரத்தில் அதை உதைக்கப் போனபோது, மனைவி வாசலிலிருந்து ஓடி வந்து தடுத்தாள். என் உழைப்பை மதிக்க வீட்டில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

"அப்புடியே இருக்கட்டுங்க, கோவா கன்னுக்கு நல்லா பாயுது."

கதவு

டிரைவர் பக்கக் கதவில் கீல் இருந்த இடம் அரித்து ஓட்டையாகிக் கிடந்தது. புதுக் கீல், புதுக் கொக்கி எல்லாம் செய்தேன். என்ன அதிசயமோ, அளவு அச்சாக அமைந்துவிட்டது. விரல் பட்டாலே 'டிக்' என்று சாத்திக்கொண்டது. அந்தத் தைரியத்தில் நானாவுக்குப் போன் போட்டேன்.

வாப்பாவை வேனில் கூட்டி வந்தார்கள். அவர் பொனட்டைத் தடவினார், மெதுவாக ஏறி உட்கார்ந்தார், இரண்டு கையாலும் கதவைப் பலமாக இழுத்தார். 'டிக்.' முகம் வாடிப்போனது. "இது என்ட லொறி இல்ல. என்ட லொறிட கதவு ஒரு நாளும் ஒழுங்கா சாத்தாது" என்று சொல்லி இறங்கி வேனுக்கே போய்விட்டார்.

சுத்தியலை எடுத்தேன். கீலில் ஓங்கி இரண்டு அடி. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, பழகிய கை. கதவு ஒரு பக்கம் தொங்கியது. வேனுக்குப் போய், "மன்னிச்சுக்கங்க ஹாஜியார், வேற லொறிய காட்டிட்டேன். ஒங்க லொறி இந்தா இருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

ஏறி இழுத்தார், சாத்தவில்லை. மறுபடி இழுத்தார், அப்போதும் இல்லை. பிறகு ஜன்னல் விளிம்பைப் பிடித்துக் கதவைச் சற்றே மேலே தூக்கி, உடம்பையே கொடுத்து ஓர் இழுப்பு. டமார்! கிழவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தலையை வெளியே நீட்டி, கீழே நின்ற நானாவைப் பார்த்து அதட்டினார்:

"டேய் ரபீக்கு, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஏறு, பசறைக்கு நேரமாகுது!"

அளவு தப்பாமல் நான் செய்த ஒரே வேலை அந்தக் கதவு, எனக்கு நல்ல பாஸ் என்று பெயர் வந்ததோ அதைக் கெடுத்ததற்கு.