நடுரோட்டு வாழை

திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை வாசலில், தார்ச்சாலைக் குழிக்குள் வாழை நிற்கிறது. என்னைவிட உயரம். ஆட்டோக்கள் பழகிப்போய் ஒதுங்கிப் போகின்றன. கடைக்காரர் அரிசி கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றுகிறார்.

"யார் வச்சது, பாய்?"

"தெருவே சேந்து வச்சோம்ணே. குழிய மூடலன்னு போராட்டம். கவுன்சிலர் அன்னைக்கே வந்து, ஒரு வாரத்துல மூடிருவோம்னாரு."

"மூடலையா?"

"நேத்துத்தான் ஜல்லி லாரி வந்துச்சு. மறுபடி தெருவே சேந்து மறிச்சுத் திருப்பி அனுப்பிட்டோம்."

"ஏன்?"

அவர் மேலே கை காட்டுகிறார்.

"குலை தள்ளிருச்சுல்ல? எந்தச் சீப்பு எந்த வீட்டுக்குன்னு கூட்டம் போட்டுப் பேசியாச்சு. கவுன்சிலருக்கும் ஒரு சீப்பு உண்டு. அவரு இல்லாட்டி இது இம்புட்டு வளந்திருக்குமாண்ணே?"