முந்நூற்று நாற்பது அறைகளுக்கு ஒரு கடிதம்

டெல்லியில் ஜனாதிபதி குடியிருக்கும் மாளிகையில் முந்நூற்று நாற்பது அறைகள் என்று எங்கோ படித்திருந்தேன். படிப்பு வீட்டையே இடிக்கும் என்று அதுவரை யாரும் என்னை எச்சரித்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் வீடு கட்டிக் குடியேறியிருந்தோம். ஹால், படுக்கையறை, சமையலறை. ஐப்பசி மழையில் மூன்றிலும் முழங்கால் தண்ணீர். எங்களுக்கு மனை விற்ற உள்ளூர்ப் பெரிய மனிதர், அடுத்த மனைகளுக்காக ஏரியில் லாரி லாரியாக மண் கொட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் பாவம், எங்கே போகும்?

விவரம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். நான் நாலு புத்தகம் படித்தவன். நேரே ஜனாதிபதிக்கு எழுதினேன். ‘தங்கள் மாளிகையில் முந்நூற்று நாற்பது அறைகள். என் வீட்டில் மூன்று. மூன்றிலும் ஏரி வந்துவிட்டது. ஏரியில் வீடு வருகிறது.’ இந்த வரியை எழுதிய சந்தோஷத்தில் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. தரையும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “இதுல கம்ப்ளெயின்ட் எங்க இருக்கு?” என்றாள்.

மொட்டைக் கடுதாசி ஆசாமி இல்லை நான், கௌரவமான வீட்டுக்காரன் என்று நிரூபிக்க, கிரயப் பத்திரத்தைப் பார்த்து சர்வே எண் உட்பட முழு முகவரியையும் கீழே எழுதினேன்.

ஒரு மாதத்தில் சிங்க முத்திரை போட்ட அட்டை வந்தது. மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன். யாருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று யோசிக்கவில்லை. மாளிகைகளின் குணமே அதுதான் என்று பிற்பாடு புரிந்தது. முன்வாசலில் குதிரை வீரர்கள் நிற்பார்கள்; பின்வாசல் வழியாக மனு கீழே இறங்கும். டெல்லியிலிருந்து கோட்டைக்கு, கோட்டையிலிருந்து கலெக்டருக்கு, அங்கிருந்து தாலுகா ஆபீஸுக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு சீல், ஒரு குண்டூசி. தாம்பரம் வந்து சேர்ந்தபோது, நான் எழுதியதைவிட அது நாலு மடங்கு தடித்திருந்தது.

விஷயத்தை முதலில் சொன்னவர் மனை விற்றவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புல்லட்டை அணைக்காமல் கேட் எதிரே நிறுத்தினார்.

“இன்னா சார், டெல்லிக்கே லெட்டர் போட்டுகிறீங்களாமே? மூணு ரூம்லயும் ஏரின்னு எழுதிகிறீங்களாம். ஆபீஸ்ல படிச்சுட்டு ஒரே சிரிப்பு.”

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. நான் லேசாகப் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“மண்ணு அடிக்கிறத நாளைக்கே நிறுத்திடுறேன். எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல. ஆனா சர்வே நம்பர எதுக்கு சார் எழுதினீங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையான துக்கத்தோடு கேட்டார். தெருமுனை வரை அந்த புல்லட் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுவாரம் சர்வேயர் வந்தார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஏரிக்கரையிலிருந்து சங்கிலி பிடித்துக்கொண்டே வந்து, எங்கள் வீட்டைத் தாண்டி, தெருவையும் தாண்டிப் போனார்கள்.

“நீங்க குடுத்தது ஏரி நம்பரு சார். புறம்போக்கு.”

“பத்திரம் இருக்கே?”

“பத்திரம் யார் வேணா எழுதித் தருவாங்க. ஏரி எழுதித் தரணுமே.” கையிலிருந்த என் கடிதத்தைப் புரட்டினார். “நீங்க கரெக்டாத்தான் எழுதியிருக்கீங்க. ஏரியில வீடு வருதுன்னு. வந்துட்டுது.”

மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டாள். “இடிச்சிடுவீங்களா சார்?”

“மேலேருந்து வந்த பேப்பர்ம்மா. இனிமே எதுவானாலும் மேலேருந்துதான் வரும்.”

“எப்போ?”

“அத சொல்ல முடியாதும்மா.”

போகும்போது வெளிச்சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு எண்ணும் அம்புக்குறியும் போட்டார்கள். அதே சுவரின் உள்பக்கத்தில்தான் சிங்க முத்திரை மாட்டியிருந்தது. பக்கத்து வீடுகளும் அதே நம்பர்தான் என்பதால் தெரு முழுக்க அம்புகள். அன்றிலிருந்து தெருவில் யாரும் என்னை சார் என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை.

லாரிகள் கோவிலம்பாக்கம் பக்கம் போய்விட்டன. வருடங்கள் போயின. மேலேயிருந்து எதுவும் வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. தெருவில் ஜீப் திரும்பினால் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஹாலில் வந்து உட்காருவாள்.

தொண்ணூறுகளில், மகள் கல்யாணத்துக்காக வெள்ளையடித்தோம். பெயின்டர் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, செவப்புல நெம்பரு? மேல அடிச்சு மூடிடவா?”

“வேண்டாம்ப்பா. அதத் தொடாம சுத்தி அடி.”

“கல்யாண வூடு சார். அசிங்கமா கீது.”

“அது கவர்மென்ட்டோடது.”

சுவர் முழுக்க வெளுத்தது. நடுவில் ஒரு முழம் அகலத்துக்குப் பழைய சுவர் மட்டும் விடுபட்டு, அதில் அந்த எண் முன்னைவிடச் சிவப்பாகத் தெரிந்தது. பெயின்டர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். அப்போது தெருமுனையில் ஏதோ வண்டி திரும்பியது. உள்ளே அடுப்பு அணைந்தது. பீரோக் கதவு கிறீச்சிட்டது.