நூற்றுப் பன்னிரண்டு நாள் வானிலை

அருமைநாதனுக்குப் பல்கலைக்கழக வேலை கிடைத்தது அவருடைய மனைவி மாக்கிரட்டால்தான். மாக்கிரட் மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு கொடுக்கும் வேலை பார்த்தார். 2004 பெப்ரவரியில் அவருடைய வார்டுக்கு இடுப்பெலும்பு முறிந்த ஒரு சென்னை அம்மாள் வந்தார். பிரெஞ்சில் கேட்டும் ஆங்கிலத்தில் கேட்டும் இரண்டு நாள் எதுவும் வேண்டாம் என்றவர், மாக்கிரட் தமிழில் கேட்டதும் சூப் குடித்தார்.

அந்த அம்மாளைப் பார்க்க டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரிலிருந்து தினமும் மருமகள் ரஞ்சனா காரில் வருவார். அவர் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள பல்கலைக்கழக விவசாய வளாகத்தில் பேராசிரியர். இருநூறு வருடத்துக்கு முன் வடக்கே குளிர் எப்படி இருந்தது என்பது அவருடைய ஆராய்ச்சி. அக்காலத்தில் பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வாங்கி விற்ற கம்பனிகள் வடகடலுக்குக் கப்பல்களை அனுப்பிப் புதிய கரைகளைத் தேடின. அந்தக் கப்பல்களில் தினமும் காற்றையும் குளிரையும் குறித்து வைத்தார்கள். குறிப்பேடுகள் இருந்தன. அவற்றைப் படித்துக் கணினியில் ஏற்றத்தான் ஆள் இல்லை.

"ரெண்டு ஸ்டூடன்ட்ஸ் இருந்தாங்க, ரெண்டு பேரும் ஓடிட்டாங்க," என்று ரஞ்சனா ஒருநாள் கட்டிலருகே நின்று சொன்னார். "காத்து எந்தப் பக்கம், எத்தனை டிகிரி, பனியா மழையா. தினம் அதேதான். பைத்தியம் பிடிக்குதுன்னு சொல்றாங்க."

மாக்கிரட் தலையணை உறையை மாற்றிக்கொண்டே சொன்னார்: "என்ர மனிசன் பதினாலு வருசம் அதைத்தான் எழுதினவர். இன்னும் பிடிக்கேல்லை."

உண்மைதான். யாழ்ப்பாணத்தின் வடகரையில் ஒரு சிறிய வானிலை நிலையத்தில் அருமைநாதன் அவதானிப்பாளராக இருந்தார். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வெப்பமானியையும் காற்றுக்காட்டியையும் மழைமானியையும் பார்த்துத் தாளில் எழுதுவது வேலை. கனடாவுக்கு வந்தபின் சாபனெல் தெருவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எட்டு வருடம் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டார். அந்த ஜனவரியில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவர் வீட்டில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன காற்று என்று யாரும் கேட்கவில்லை.

நேர்முகம் ஐந்து நிமிடம் நடந்தது. ரஞ்சனா ஒரு கப்பல் குறிப்பேட்டுப் பக்கத்தின் பிரதியைக் கொடுத்தார். அருமைநாதன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு தடங்கலில்லாமல் வாசித்தார். பிறகு, "இந்த மனிசன் காத்தை மத்தியானத்தில ஒருக்காத்தான் பார்த்திருக்கிறார். பின்னேரம் பார்க்கேல்லை. முதல் எழுதினதையே திரும்ப எழுதியிருக்கிறார்," என்றார்.

"திங்கட்கிழமை வர முடியுமா சார்?" என்றார் ரஞ்சனா.

மெட்ரோவில் இரண்டு பாதை மாறி, லியோனல்-குரு நிலையத்தில் 211 பஸ் பிடித்து, மொன்றியல் தீவின் மேற்கு முனை வரை போகவேண்டும். ஒன்றரை மணி நேரம். அருமைநாதன் ஒருநாளும் பிந்தவில்லை. முதல் வருடத்தில் நாலு கப்பல்களின் ஏடுகளைக் கணினியில் ஏற்றி முடித்தார். வளாகத்தில் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "ஆயிரத்து எழுநூற்று எண்பத்தி நாலில நிக்கிறன்," என்பார்.

2005 இலையுதிர் காலத்தில் ஐந்தாவது கப்பல் வந்தது. 1791இல் தோல் கம்பனி ஒன்று வடகரையை ஆராய அனுப்பிய சிறிய பாய்க்கப்பல். குளிர் முந்திவிட்டதால் ஓர் ஆற்று முகத்துக்கு வெளியே பனிக்கட்டியில் இறுகி நின்றுவிட்டது. கப்டன் நாற்பது மைல் தள்ளியிருந்த கம்பனிக் கோட்டைக்குப் போய்விட்டான். கப்பலையும் நாலு மாலுமிகளையும் குறிப்பேட்டையும் ஹென்றி என்ற துணை அதிகாரியிடம் விட்டான். ரஞ்சனாவுக்கு இந்தக் குறிப்பேடு மிக முக்கியம். அந்தக் கடலில் ஒரு முழுக் குளிர்காலத்தை உறைந்த கப்பலிலிருந்தே குறித்த ஏடு அவரிடம் வேறு இல்லை.

அருமைநாதன் இரண்டு கிழமை ஏற்றினார். மூன்றாம் கிழமை செவ்வாய்க்கிழமை நிறுத்திவிட்டு ரஞ்சனாவின் கதவைத் தட்டினார்.

"டொக்டர், இவர் பார்க்கேல்லை."

"யாரு சார்? என்ன பார்க்கல?"

"ஹென்றி. நவம்பர் பதினொண்டு தொடக்கம் மார்ச் ஒண்டு வரைக்கும், நூற்றுப் பன்னிரண்டு நாள், இவர் வெளியில ஒண்டும் பார்க்கேல்லை. இருந்த இருப்பில எழுதியிருக்கிறார்."

ரஞ்சனா நாற்காலியை இழுத்துப் போட்டார். அருமைநாதன் நின்றுகொண்டே விளக்கினார். நவம்பர் பதினொன்றுக்கு முன் குறிப்பேடு அழுக்காக இருந்தது. வெட்டல், திருத்தல், இரண்டு நாள் வெற்றிடம். ஓரிடத்தில் மை உறைந்துபோய் பென்சிலால் தொடர்ந்திருந்தது. மூன்று நாள் தொடர்ந்து ஒரே குளிர் இருந்தது. பதினொன்றிலிருந்து வெட்டல் ஒன்றுகூட இல்லை. ஜனவரியில்கூட மை நன்றாக ஓடியது. அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே எண் எங்கேயும் வரவில்லை. பூச்சியத்துக்குக் கீழே இருபத்து மூன்று, முப்பத்தேழு, முப்பத்து மூன்று, இருபத்தேழு.

"பொய் எழுதுற ஆள் ஒரே எண்ணைத் திருப்பி எழுதப் பயப்பிடுவான்," என்றார் அருமைநாதன். "பத்து, இருபது எண்டு எழுதவும் பயப்பிடுவான். மூண்டும் ஏழும்தான் உண்மை மாதிரி இருக்கும்."

"எப்படி சார் உங்களுக்கு இது தெரியும்?"

"பதினாலு வருச அனுபவம்," என்றார் அவர். அது பொய்யில்லை.

"இந்தக் குளிர்காலத்துக்காகத்தான் சார் நான் பணமே கேட்டு வாங்கினேன். மூணும் ஏழும் இருக்குன்னு சொல்லி அதைத் தூக்கிப் போட முடியாது. ஆதாரம் வேணும்," என்றார் ரஞ்சனா.

பழைய மொன்றியலில் ஒரு ஆவணக் காப்பகத்தில், அந்தக் கோட்டையின் நாட்குறிப்பு இருந்தது. அருமைநாதன் ஆறு நாள் அங்கே போனார். அங்கிருந்த பெண் ஒவ்வொரு காலையும் 'பொன்ஷூர்' சொல்லி அவருடைய பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார். கோட்டை எழுத்தர் குண்டு எழுத்தில், அவசரமில்லாமல் எழுதும் ஆள். யார் எத்தனை பீவர் தோல் கொண்டுவந்தார், எந்த நாய் செத்தது, யாருக்குப் பல்வலி என்று எல்லாம் எழுதியிருந்தான்.

ஆறாம் நாள் அது கிடைத்தது. நவம்பர் பதினொன்று, மாலை: கப்பலிலிருந்து ஹென்றியைச் சறுக்கு வண்டியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். இரண்டு பாதங்களும் உறைந்திருந்தன. பதினாலாம் திகதி மருத்துவன் மூன்று விரல்களை எடுத்தான். டிசம்பரில் காய்ச்சல். ஜனவரியில் எழுந்து உட்கார்ந்தான். மார்ச் இரண்டாம் திகதி கப்பலுக்குத் திரும்பினான். திரும்புவதற்கு நாலு நாள் முன்பு ஒரு வரி: குறிப்பேட்டில் இடைவெளி இருந்தால் கம்பனி இனி வேலை தராது என்று கப்டன் ஹென்றிக்குச் சொன்னான். கப்பலில் எஞ்சியிருந்த நாலு மாலுமிகளில் எவருக்கும் எழுதத் தெரியாது.

அருமைநாதன் அந்த வரியைப் பென்சிலால் பிரதி எடுத்தார். பிறகு மேசையிலேயே இருந்தார். அந்தப் பெண் வந்து, மூடும் நேரமாகிவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னார். அருமைநாதன் "மெர்சி" என்று நன்றி சொன்னார். எழுந்து போகவில்லை. அந்தப் பெண் மறுபடி சொல்லவேண்டியிருந்தது.

அடுத்த நாள் ரஞ்சனா பிரதியை இரண்டு தடவை வாசித்தார். "சரி, நூத்திப் பன்னிரண்டு நாளும் போச்சு," என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "இப்ப சொல்லுங்க சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அருமைநாதன் அன்றைக்குத்தான் அந்த அறையில் உட்கார்ந்தார்.

"நானும் எழுதினனான்," என்றார்.

1990இல் சண்டை தொடங்கியதும் நிலையத்துக்குப் போகும் வீதி அடைபட்டுவிட்டது. ஜூலையிலிருந்து நவம்பர் வரை அவரால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. ஆனால் மாத முடிவில் தாள்கள் தவறாமல் வரவேண்டும் என்று வானிலைத் தலைமையகம் எழுதியிருந்தது. தாள் இல்லையென்றால் பதவி இல்லை. அவர் வீட்டுக் கட்டிலில் இருந்து எழுதினார். ஒரு நாளைக்கு எட்டு வரியாக நூற்று ஐம்பத்து மூன்று நாள். மொத்தம் ஆயிரத்து இருநூற்று இருபத்து நாலு வரி. கவனமாக இரண்டு பேனா பாவித்தார். நவம்பரில் மழையே இல்லாமல் இருக்காது என்று பதினாலாம் திகதி ஓர் இடிமழை பெய்ய வைத்தார். நாற்பத்தொன்று தசம் ஏழு மில்லிமீற்றர்.

"ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னனான்," என்றார். "இதால ஆருக்கும் நட்டமோ எண்டு கேட்டார். தெரியாது எண்டன். பரிகாரமா மூண்டு அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார்."

"அப்புறம்?"

"ஆயிரத்து இருநூற்று இருபத்து நாலு வரிக்கு மூண்டு காணாது, டொக்டர்."

ரஞ்சனா சிரிக்கவில்லை. உலகம் முழுவதும் உள்ள நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் தொகுப்பைக் கணினியில் திறந்தார். நிலையத்தின் பெயரைக் கேட்டார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் திரையில் வந்தது. 1990, ஜூலை. எண்கள் நிரை நிரையாக இறங்கின.

அருமைநாதன் கண்ணாடியை மாற்றினார். திரைக்குக் கிட்டப் போனார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு நவம்பர் வரை வந்தார்.

"இது என்ர இல்லை."

"என்ன சார்?"

"பதினாலாம் திகதி மழை எங்கை? இவர் 'நில்', மழையே இல்லை எண்டு போட்டிருக்கிறார். பாருங்கோ, எல்லாம் ரெண்டும் எட்டும். என்ர தாள் போய்ச் சேரேல்லை. தலைமையகத்தில வேற ஆரோ இருந்து எழுதியிருக்கிறார்."

"எதுவா இருந்தாலும் பொய்தானே சார்."

"ஓம். ஆனா நவம்பரில மழை இல்லையெண்டு எழுதுறதே?" என்றார் அருமைநாதன். அவருடைய குரல் உயர்ந்திருந்தது. "வடக்குத் தெரியாத ஆள்."

அன்று மெட்ரோவில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டார். வீட்டில் மாக்கிரட் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அருமைநாதன் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப நீங்கள் பாவம் செய்யேல்லை," என்றார் மாக்கிரட்.

"செய்தனான். போய்ச் சேரேல்லை."

"ரெண்டும் ஒண்டுதான். முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ."

அவருக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. நிம்மதி வரும் என்று நினைத்தார். வந்தது ஒருவகைக் கோபம். அந்தக் கிழமை முடிவில் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். குறிப்பிட்ட ஐந்து மாதமும் நிலையத்தில் எவரும் இருக்கவில்லை, பதிவில் உள்ள எண்களை எவரும் பார்த்து எழுதவில்லை, தான் அனுப்பியவையும் அப்படித்தான் என்று எழுதி, தன் பழைய பதவி இலக்கத்தோடு கையெழுத்திட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அக்காலத்துப் பதிவுகள் சரிபார்க்கப்பட்டு ஒழுங்காக உள்ளன. மேலதிகத் தரவு தேவையெனில் இணைத்துள்ள படிவத்தை நிரப்பவும்.

ரஞ்சனா அந்தப் பதிலைப் படித்துவிட்டு, கடிதத்தின் பிரதியோடு உலகத் தொகுப்பை வைத்திருப்பவர்களுக்கு நேரடியாக எழுதினார். 2007இல் புதிய பதிப்பு வந்தபோது அந்த ஐந்து மாதமும் வெறுமையாக இருந்தன. அருமைநாதன் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். எண் ஒன்றுமில்லாத தாளை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று மாக்கிரட் கேட்டார். "இதுதான் சரி," என்றார் அவர்.

அதே வருடம் ரஞ்சனாவின் கட்டுரை வெளியானது. நினைத்த கட்டுரை இல்லை. உறைந்த கப்பலின் குளிர்காலம் போனதால் அது ஒன்பது பக்கம் குறைந்து, பழைய குறிப்பேடுகளில் கற்பனை வானிலையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதாக மாறியிருந்தது. அதைத்தான் அவருடைய மற்றக் கட்டுரைகளைவிட அதிகம் பேர் படித்தார்கள். நன்றி சொல்லும் இடத்தில் அருமைநாதனின் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. ரஞ்சனா மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை டொக்டர், கனடாவில எல்லாப் பத்திரத்திலயும் அப்பிடித்தான்," என்றார் அவர்.

ஹென்றியைப் பற்றி ரஞ்சனா கட்டுரையில் 'மோசடி' என்ற சொல்லைப் போட்டிருந்தார். அச்சுக்குப் போகுமுன் அருமைநாதன் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். அந்த இடத்தில், 'இக்காலத்தில் அவர் காலில் மூன்று விரல்களை இழந்து கோட்டையில் படுத்திருந்தார்' என்று வந்தது.

வேலை இன்னும் இரண்டு வருடம் நீடித்தது. கடைசியாக அவர் ஏற்றியது 1803இல் போன ஒரு கப்பல். அதன் அதிகாரிக்குச் சோம்பல் அதிகம். கிழமைக்கு இரண்டு நாள், 'இன்று பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தான். காரணமும் சொல்லவில்லை. மாணவர்கள் அப்படிப்பட்ட இடத்தில் முதல்நாள் எண்ணையே நிரப்பிவிடுவது வழக்கம். அருமைநாதன் ஒவ்வொரு முறையும் வெற்றிடம் விட்டு, குறிப்பு நிரலில் அந்த இரண்டு சொற்களையும் முழுதாகத் தட்டினார். அந்தக் கப்பலில் அப்படி அறுபத்தொரு நாள் இருந்தது. எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு 2009 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.