சுகம் என்றே சொன்ன ஷாமே

நாசோர் ஷாமேவுக்குத் தர வேண்டியது மூன்று லட்சம் ஷில்லிங். கிராம்பு அறுவடை முடிந்ததும் தருகிறேன் என்று வாங்கி, வீட்டுக்குத் தகரக் கூரை போட்டான். இரண்டு அறுவடை போய்விட்டது.

ஷாமே யாரிடமும் கைநீட்டிப் பிழைத்தவர் அல்ல. பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். பெம்பாத் தீவின் வேத்தே துறைமுகத்தில் கிராம்பு மூட்டை சுமந்தே லாரி வாங்கியவர். அப்படி மூட்டை தூக்கிய முதுகு அந்தத் துறையில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த வருஷம் லாரி எஞ்சின் படுத்துவிட்டது. மனைவி மீஸேவுக்கு வயிற்றில் கட்டி. பெரிய தீவான உங்குஜாவுக்குக் கப்பலேறிப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும். கடன் கேட்க அவருக்கு வாய் வராது. தன் பணம் வந்தால் போதும்.

காப்பிக்கடை முன் நாசோரைப் பிடித்தார். அவன் முந்திக்கொண்டான்.

“ஷிகமூ மாமா.”

“மரஹபா.” சின்னவன் வணங்கினால் ஏற்றுக்கொண்டுதானே ஆக வேண்டும்.

“வீட்ல எப்படி?”

“சுகம்.”

“அத்தை?”

“சுகம்.”

“லாரி?”

“சுகந்தான்.”

பெம்பாவில் வீட்டில் பிணம் கிடந்தாலும் முதல் பதில் சுகந்தான். அப்புறம் ‘ஆனா’ போட்டுத்தான் கெட்டதைச் சொல்வார்கள். அந்த ‘ஆனா’வுக்கு நாசோர் இடமே விடவில்லை. “சந்தோஷம் மாமா, அத்தைய கேட்டதா சொல்லுங்க” என்று சைக்கிளை மிதித்தான்.

“மாமா மேல பயலுக்கு என்ன பாசம்!” என்றான் காப்பிக்காரன்.

கத்திக் கூப்பிடலாம். பெண்டாட்டி வைத்தியத்துக்குக் காசில்லை என்று இத்தனை பேர் முன்னால் சொல்வதா? ஷாமேயா?

அவன் வீட்டுக்கே போய், உள்ளே வரலாமா என்று கேட்கும் “ஹோடி”யை மூன்று தரம் குரல் கொடுத்தார். உள்ளே ரேடியோ நின்றது; பதில் இல்லை. மூன்றுக்கு மேல் கூப்பிடுவது மரியாதையில்லை. திரும்பிவிட்டார்.

“குடுத்தானா?” என்றாள் மீஸே.

“உன்னை விசாரிச்சான்.”

“விசாரிப்பக் காட்டினா கப்பல்ல ஏத்துவாங்களா?”

மழை பிடிப்பதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

துக்க வீட்டுப் பாயில் நாசோர் வந்து உட்கார்ந்தான். “எப்படி இருக்கீங்க மாமா?”

“நல்லா இல்ல.”

அப்படியொரு பதிலை அந்தத் தெரு கேட்டதில்லை.

“எப்பக் கேட்டாலும் சுகம்னுதானே சொன்னீங்க?” என்று முனகினான் நாசோர்.

“சொன்னேன். மிச்சத்தக் கேக்க நீ நிக்கல.”

நாசோர் நோட்டுகளை மடித்து, துக்கச் செலவுக்குக் கொடுப்பதைப் போல் நீட்டினான். ஷாமே விரித்த கையை மூடவில்லை.

“இது மொய் இல்ல. எண்ணி வை.”

எல்லோரும் பார்க்க, பத்தாயிரம் பத்தாயிரமாக முப்பது நோட்டையும் நாசோர் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.