பாதி முட்டை போட்ட கோழி

கணினி மையத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, உண்மை அல்லது பொய் என இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மாறியைச் சொல்லித்தரும் நாளில், பலகையில் முதலில் ஒரு வட்டம் போடுவேன். அது எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் தொங்கிய பெயின்ட் டப்பா மூடி.

எனக்கு அப்போது ஏழு வயது; பள்ளி விடுமுறை. அப்பாவும் அம்மாவும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேறு வேறு கம்பெனிகளில் வேலை செய்தார்கள். இரண்டாவது ஷிப்டுக்கு அம்மா ஒன்றேகாலுக்குக் கிளம்புவார். முதல் ஷிப்ட் முடிந்து அப்பா இரண்டரைக்கு வருவார். அம்மா திரும்பும்போது அப்பா தூங்கியிருப்பார். பேசிக்கொள்ள நேரமில்லாததால், அப்பா அந்த மூடிக்கு ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் சிவப்பும் அடித்து ஆணியில் மாட்டினார். பச்சை என்றால் நான் அன்றைய முட்டையைத் தின்றுவிட்டேன். சிவப்பு என்றால் இன்னும் இல்லை. காலையில் அப்பா சிவப்பாக்கிவிட்டுப் போவார்; முட்டை கொடுத்ததும் அம்மா பச்சையாக்குவார்.

இடையில் இருந்த ஒன்றேகால் மணி நேரம் என்னுடையது. ஒரு திங்கட்கிழமை, துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அத்தை கண்ணயர்ந்ததும் முக்காலியில் ஏறி மூடியைச் சிவப்பாகத் திருப்பினேன்.

அப்பா உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தார். “இன்னாடி, இன்னும் முட்டை துன்னலையா?”

“இல்லப்பா.”

“உங்கம்மா மறந்துட்டா போல,” என்று இன்னொன்றை அவித்துத் தந்தார்.

மூடிக்கு என் வயிறு தெரியாது. கடைசியாகத் திருப்பிய கை வைத்த நிறம்தான் அதற்கு உண்மை. வகுப்பில் இதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன்.

சனிக்கிழமை வரை ஆறு நாள், பன்னிரண்டு முட்டை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதை நான் யோசிக்கவில்லை. அன்று இருவரும் வீட்டில் இருந்தார்கள். முட்டைக் கூடையை எட்டிப் பார்த்த அம்மா அப்பாவிடம் ஏதோ கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு வாசலில் மேய்ந்த எங்கள் வீட்டுக் கோழியைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை.

மறுநாள் அம்மா அவித்த முட்டையை நூலால் அறுத்து, பாதியை மட்டும் தட்டில் வைத்தார். “கோழிக்கு ஒடம்பு சரியில்லடி. பாதி பாதியாத்தான் போடுது.”

மதியம் அப்பா சிவப்பைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கும் மறந்துட்டாளா? இந்தா, பாதிதான் கீது,” என்றார். அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நான் யோசிக்கவில்லை.

விடுமுறை முடியும்வரை தவறாமல் முக்காலியில் ஏறினேன். பாவம் என்று கோழிக்கு ஒரு பிடி நொய் கூடுதலாகப் போட்டேன். தினமும் இரண்டு தடவை முட்டை தின்னும் பிள்ளை அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான் என்று தலை நிமிர்ந்து நடந்தேன். பாதியும் பாதியும் சேர்ந்தால் எவ்வளவு என்று பள்ளியில் அதுவரை நடத்தியிருக்கவில்லை.