படங்குக்கு உள்ளே

கங்காணி இருந்தார். கொழுந்து மூட்டை தூக்குகிற அண்ணன் இருந்தார். கடைசி வீட்டு அக்கா, அவருடைய மகள். என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, என் மதினி. பிறகு நான். கூட்டிலிருந்து குளவி கலைந்தபோது அந்தத் தேயிலை மலையில் இவ்வளவு பேர்தான்.

நாங்கள் தேயிலைச் செடிக்கு அடியில் குப்புற விழுந்து தப்பினோம். மதினி ஓடினார். ஓடுகிற ஆளைத்தான் குளவி விரட்டும். சட்டைக்குள் புகுந்துவிட்டது. பிடித்து உட்காரவைத்து, சட்டையைக் கிழித்துத்தான் எடுத்தோம்.

அதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. பெண்கள் இடுப்பில் கட்டியிருக்கும் தடித்த படங்குத் துணியை அவிழ்த்துச் சுற்றிலும் மறைப்பாகப் பிடிப்போம். ஆண்கள் யாரும் சொல்லாமலே திரும்பி நிற்பார்கள். கங்காணி பள்ளத்தைப் பார்த்து நின்றார். மூட்டை தூக்குகிற அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறியைக் கூப்பிட ஓடினார். வந்து, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"கொழுந்து ஏத்தி முடிச்சிட்டுத்தான் வருமாம்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு கையில் படங்கின் முனை. மறு கையில் போனை எடுத்து மதினியைப் படம் பிடித்தேன். 'எங்க உயிருக்கு இதுதான் மதிப்பு, எல்லாரும் பாருங்க' என்று எழுதி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று இணையத்தில் போட்டேன்.

எல்லாரும் பார்த்தார்கள். லொறியைப் பற்றி இரண்டு பேர் எழுதினார்கள். 'குளவிக்கும் எடம் தெரிஞ்சிருக்கு' என்று ஒருவன் எழுதினான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு.

மூன்றாம் நாள் மதினியின் தம்பி பொல்பிட்டியவிலிருந்து போனில் என்னிடம் பேசினான். "அக்கா, அத எடுத்திருங்க. இங்க கடையில வெச்சுப் பார்க்கிறாங்க." அழித்தேன். அதற்குள் யார் யாரோ எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

மதினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது முகத்தில் வீக்கம் வற்றவில்லை. படத்தில் இருந்ததும் அந்த முகம்தான். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பாண் ரொட்டி கொண்டுவருகிறவன் பார்த்துவிட்டான்.

"இவங்கதானே அந்தக் குளவி அக்கா?"

பாண் வாங்காமல் மதினி உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

"கங்காணியே திரும்பி நின்னாரு. நீ எதுக்கு புள்ள என்னைய காட்டுன?"

"லொறி வரலேன்னுதான் மதினி."

"அப்ப லொறிய எடுத்திருக்கலாமே."



மதினி இப்போது வேலைக்கு வருவதில்லை. வாசல் கதவைத் திறப்பதில்லை. அண்ணன் என்னைத் திட்டவில்லை. பேசுவதும் இல்லை. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ரேடியோ கூடப் பாடுவதில்லை.

போன மாதம் மறுபடி குளவி கலைந்தது. கொழுந்து எடுக்கிற ஒரு பெண்பிள்ளையைக் கொட்டிவிட்டது. படங்கைப் பிடிக்கப் போனேன். கடைசி வீட்டு அக்கா என் கையைப் பார்த்தார்.

"நீ அங்கிட்டு நில்லு."

ஆண்களோடு போய் நின்றேன், திரும்பிக்கொண்டு.

அழிப்பதற்கு முன் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது படத்துக்குக் கீழேயே இருந்தது. பதினோராயிரத்து நானூற்று ஆறு.